மூவரும் ஒருவரே

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நான் இ. செண்பகவல்லி.
நர்சிங் கவுன்சில் பதிவில் செண்பகவல்லி இ.
பாஸ்போர்ட்டில் இருளப்பன் செண்பகவல்லி,
அதிலும் ஆங்கிலத்தில் ஓர் எச் கூடுதல்.
பின்னால் போன புள்ளியையும்
முன்னால் வந்த அப்பாவையும்
ஜெர்மனியில் ஓர் அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை.
ஒரே ஆள்தானா என்று கேட்டு
மரியாதையாகக் கடிதம் போட்டிருந்தது.
மரியாதை என்பது அகராதி பார்த்த பிறகே தெரிந்தது.

அதற்காகத்தான் இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு
மேயோ ஹால் வாசலில்,
ஒரு நோட்டரியின் மடக்கு மேசைக்கு முன்னால்.

கம்மனஹள்ளி மாடி வகுப்பில்
ஃப்ராவ் இருளப்பன் என்று கூப்பிடுவார்கள்.
முதல் வாரம் நான் நிமிரவே இல்லை.
அது என் அம்மா.
கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கட்டு ஒட்டுகிறவளுக்கு
இங்கே என்ன வேலை?
வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள்
என்று சொல்லும்போது மட்டும்
மலையாளப் பிள்ளைகளும் நானும் சிரித்துக்கொள்வோம்.
எங்களுக்கு வினை எப்போதும் கடைசியில்தான் வரும்.

கன்னடத்துக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை.
வந்த முதல் இரவே எலும்பு வார்டில்
எல்லி நோவு என்று கேட்கச் சொன்னார்கள்.
நோவு எனக்குத் தெரியும்.
எல்லி மட்டும்தான் கற்க வேண்டியிருந்தது.
ஜெர்மனில், வோ டூட் எஸ் வே.
வேதனையை முதலெழுத்தோடு நிறுத்திவிட்டார்கள்
என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

கேட்டல் தேர்வில் இரண்டு முறை தோற்றேன்.
பதிவில் ஒருத்தி வாடகை வீடு பற்றிப் பேசுகிறாள்,
ஒருவன் ரயில் தாமதம் பற்றி.
யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.
பத்து வருடமாக என் காது
சொல்லுக்கு முன்னால் வரும் இழுப்பைத்தான் கேட்கிறது.
சுத்தமான குரலென்றால்
இவர் நன்றாயிருக்கிறார் என்று
அடுத்த கட்டிலுக்குப் போய்விடும்.

படித்த கல்லூரி இப்போது கல்யாண மண்டபம்.
பிரசவ வார்டில் எத்தனை மணி நேரம்,
மனநலப் பிரிவில் எத்தனை மணி நேரம்
நின்றாய் என்று கட்டம் போட்டுக் கேட்கிறார்கள்.
பழைய முதல்வரை ஒரு மருந்துக்கடையில் கண்டுபிடித்தேன்.
கல்லூரி முத்திரை அவர் டிராயரில் இருந்தது,
மை காய்ந்து.
கொரோனா வருடத்து இரவுகளுக்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

போன மழைக்கு விமானம் ஏறிய ரெஜிமோள்
அங்கே இன்னும் உதவியாளர்தான்.
நான்கு நாள் குழந்தைக்கும் நரம்பு பிடிப்பவள்.
ஊசியைத் தொட விடமாட்டார்கள்,
தட்டு எடுத்து வைக்கிறேன் என்றாள்.
சம்பளம் கேட்டேன். சொன்னாள்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நோட்டரி சொல்லச் சொல்லத் தட்டச்சில் எழுத்து விழுகிறது.
மேற்படி மூவரும் ஒருவரே.
ஆள்மாறாட்டம் ஏதுமில்லை.
மூன்று இடத்தில் கையெழுத்து, மூன்று பெயரிலும்.
குனிந்தபோது கண்ணில் பட்டது:
ஷூவின் பின்பக்கத்தை மிதித்துப் போட்டிருக்கிறார்,
கணுக்காலில் சாக்ஸ் பதிந்த பள்ளம்
மேலேறி வரவில்லை.
சீல் எடுக்க எழுந்ததற்கே
மூச்சு இரண்டாக உடைந்தது.

எல்லி நோவு, என்றேன்.
நோவில்ல, என்றார்.
ராத்திரி படுத்தால் மட்டும் எழுந்து உட்காரணும்.
எத்தனை தலையணை?
மூன்று.
இன்றைக்கே இசிஜி எடுங்கள், இன்றைக்கே என்றேன்,
மூவரில் யார் சொல்வதென்று யோசிக்காமல்.
நீங்க டாக்டரா?
சிஸ்டர்.

ரசீதில் பெயர் கேட்காமல்
சிஸ்டர் என்றே எழுதி
ஐம்பது ரூபாயைத் திருப்பித் தந்தார்.
பத்திரத்தோடு சேர்த்து மடிக்கப் போனேன்.
வேண்டாம்.
நான்காவது ஆள் யாரென்று இன்னொரு கடிதம் வரும்,
மரியாதையாக.

மெட்ரோவுக்குத் திரும்பும் மூலையில் பார்த்தேன்.
அடுத்த ஆளுக்குச் சீல் எடுக்க
மேசை விளிம்பைப் பிடித்து
எழுந்துகொண்டிருந்தார்.